ஒரு நட்டுக்கு 15 டன் பிடி! லாரிச் சக்கரத்தின் சங்கதி தெரியுமா?

ஓசூரில் சாலையோரம் நிற்கும் பத்து டயர் லாரியின் சக்கர நட்டுகளை எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் இரண்டு சக்கரம், ஆளுக்குப் பத்து. பின்னால் ஜோடி ஜோடியாக நாலு இடம், அங்கேயும் பத்துப் பத்து. ஆக மொத்தம் 60 நட்டு! சரக்கோடு 28 டன் எடையுள்ள வண்டி ஜூஜூவாடி எல்லையைத் தாண்டி, சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி வந்து, தொப்பூர் கணவாயில் வளைந்து வளைந்து இறங்கிச் சேலம் போய்ச் சேருவது இந்த 60 இரும்புத் துண்டுகளின் தயவில்தான்.

அப்படியானால் வண்டியின் எடை அந்த நட்டு போல்ட்டுகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறதா? இல்லவே இல்லை! போல்ட்டு அந்த எடையைச் சுமக்கக் கூடாது. சுமக்க ஆரம்பித்தால் சீக்கிரமே ஒடிந்துவிடும். நட்டை முறுக்க முறுக்க, போல்ட்டு இழுபட்டு நீள்கிறது. ஆமாம், இரும்புதான், நீள்கிறது! நீண்ட போல்ட்டு பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பில் சக்கரத்தின் தகடு, அச்சின் முனையிலுள்ள ஹப்போடு சேர்ந்து நசுங்குகிற மாதிரி அழுந்திக் கிடக்கிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் லாரியைச் சுமக்கிறது. பிரேக் போடும்போது சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதும் அதே உராய்வுதான்.

எவ்வளவு அழுத்தம் தெரியுமா? கனரக லாரிகளில் பரவலாக இருக்கும் 22 மில்லிமீட்டர் போல்ட்டைச் சரியாக முறுக்கினால் ஒரு நட்டுக்குச் சுமார் 15 டன். பத்து நட்டுக்கு 150 டன். ஒரு லாரியின் 60 நட்டுக்கும் சேர்த்து 900 டன்! வண்டியோ வெறும் 28 டன்.

இத்தனை அழுத்தத்தையும் தரும் அந்த நீட்சி எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு விரற்கடை? ஒரு நெல்மணி? மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் அதற்குக் கொஞ்சம் மேலே. உங்கள் தலைமயிர் ஒன்றின் பருமன்! அந்த மயிரிழை நீட்சி போனால் பிடியும் போச்சு. அதனால்தான் நட்டு முழுதாகக் கழன்று விழ வேண்டும் என்றில்லை. கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்ந்தாலே கதை முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நட்டு பத்திரமாக இருந்த இடத்தில்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஓசூரின் இன்னொரு முகத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1980-ல் தொடங்கிய அசோக் லேலண்ட் ஆலை இருக்கும் அதே ஊரில்தான் டைட்டன் கைக்கடிகார ஆலையும் இருக்கிறது. 2002-ல் டைட்டன் கொண்டுவந்த ‘எட்ஜ்’ கடிகாரத்தின் மொத்தத் தடிமனே 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் இயந்திரம் 1.15 மில்லிமீட்டர். லாரியின் 22 மில்லிமீட்டர் நட்டு ஒரே ஒரு சுற்று சுற்றினால் 1.5 மில்லிமீட்டர் நகரும். அதாவது நட்டு ஒரு சுற்று முடிப்பதற்குள் கடிகார இயந்திரத்தின் முழுத் தடிமனையும் தாண்டிவிடுகிறது! கடிகார ஆலையில் மைக்ரான் கணக்கு பார்ப்பதில் யாருக்கும் வியப்பில்லை. தெருவில் க்ரீஸும் மண்ணுமாக உட்கார்ந்து சக்கரம் மாட்டுகிறவரும் அதே மயிரிழைக் கணக்கில்தான் வேலை பார்க்கிறார் என்பது யாருக்குத் தெரியும்?

அந்த எண்ணைப் படித்திருக்கிறீர்களா?

சக்கர போல்ட்டின் முனையிலோ தலையிலோ 10.9 என்று பொறித்திருக்கும். ஏதோ பார்ட் நம்பர் என்று தாண்டிப் போகாதீர்கள். அது அந்த இரும்பின் ஜாதகம்! முதல் எண் 10: சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ இழுவை வரை அறாது. இரண்டாவது எண் 9: அதில் 90 சதவீதம் வரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பிவிடும், அதற்கு மேல் போனால் நீண்டது நீண்டதுதான். 22 மில்லிமீட்டர் போல்ட்டில் கணக்குப் போட்டால் அறுவதற்கு 33 டன்னுக்கு மேல் வேண்டும். கட்டைவிரல் தடிமனுள்ள ஒரே ஒரு போல்ட்டில், சரக்கேற்றிய 28 டன் லாரியை அப்படியே கிரேனில் தொங்கவிடலாம் என்கிறது கணக்கு! யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

எண்ணே இல்லாத மொட்டை போல்ட்டும் சந்தையில் கிடைக்கிறது. விலை குறைவு. அது எத்தனை டன் தாங்கும் என்பது செய்தவருக்கே தெரியாது.

கிளீனர் ஏறி நின்றால் என்ன ஆகும்?

நெடுஞ்சாலையில் அடிக்கடி பார்க்கும் காட்சி: நட்டைத் திருப்பும் வீல் பானாவின் கைப்பிடியில் நீளமான பைப்பைச் சொருகி, அதன் நுனியில் கிளீனர் ஏறி நிற்பார். சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் கணக்கைப் பாருங்கள்! 22 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் முறுக்கு சுமார் 600 நியூட்டன் மீட்டர். அறுபது கிலோ ஆள் ஒரு மீட்டர் நீளப் பைப்பின் நுனியில் அசையாமல் நின்றால் கிடைப்பது எவ்வளவு? அதே 600! முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைக் கண்ணால் பார்க்காத கிளீனர், தன் உடம்பையே டார்க் ரெஞ்சாக்கி வைத்திருக்கிறார்.

சிக்கல் எங்கே என்றால், அவர் அசையாமல் நிற்பதில்லை, குதிக்கிறார். பைப்பும் ஒரு மீட்டரோடு நிற்பதில்லை. ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் என்று போகிறது. அப்போது போல்ட்டு அந்த 90 சதவீத எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டுவிடும். நீண்ட போல்ட்டில் மரைகளின் இடைவெளியும் மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நல்ல புது நட்டை எடுத்து, போல்ட்டின் நுனியிலிருந்து அடிவரை கையாலேயே சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி. நடுவழியில் மாட்டிக்கொண்டால் அந்த போல்ட்டின் ஆயுள் முடிந்தது. பஞ்சர் கடையின் ஏர் கன்னும் இதே அட்டகாசம் செய்யும். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. கன்னால் ஓட்டிவிட்டு, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் முடிப்பதுதான் முறை. அதுவும் வரிசையாகச் சுற்றி வராமல், எதிரெதிராக.

இன்னும் கேளுங்கள். கிளீனர் கொடுத்த அந்த 600-ல் போல்ட்டை நீட்டப் போவது எவ்வளவு? பாதியளவு நட்டின் அடிப்பக்கம் தேய்வதிலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்கிடையே உராய்வில் போய்விடும். மிச்சம் பத்தே சதவீதம்தான் உண்மையான பிடி! அதனால் மரையில் துரு ஏறி, உராய்வு கூடினால், அந்தப் பத்தும் சுருங்கிவிடும். டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சத்தம் போட்டுச் சரி என்றே சொல்லும். முறுக்கு சரி, பிடி இல்லை. அடிப்பக்கம் தட்டையான, வாஷர் சேர்ந்தே வரும் நட்டுகளில் மரைக்கு இரண்டு சொட்டு எண்ணெயும், நட்டுக்கும் அதன் வாஷருக்கும் நடுவே ஒரு சொட்டும் விடச் சொல்வது இதற்காகத்தான். சக்கரத் தகட்டின்மேல் உட்காரும் முகத்தில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. கூம்பு வடிவ அடி உள்ள பழைய ரக நட்டென்றால் உலர்வாகவே மாட்ட வேண்டும். தாராள மனதோடு க்ரீஸை அள்ளிப் பூசுகிறவர்களும் உண்டு. உராய்வு அளவுக்கு மீறிக் குறைந்து, அதே 600-ல் போல்ட்டு மிதமிஞ்சி இழுபட்டுவிடும்.

முதல் மரையின் பாவம்!

நட்டுக்குள் ஏழெட்டு மரை இருந்தால் எல்லாம் சமமாகச் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? இல்லை! சக்கரத்தை ஒட்டியிருக்கும் முதல் மரை மட்டும் மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. முதல் மூன்று மரைகளைச் சேர்த்தால் கிட்டத்தட்ட முக்கால்வாசி. மேலே இருப்பவை சும்மா ஒப்புக்கு. நம் ஊர் கல்யாண வேலைகள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. நட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டும்போது முதலில் தேய்வதும் இந்த மரைகள்தான். வெளியே பார்த்தால் நட்டு பளபளவென்று இருக்கும். உள்ளே சுமக்கிற ஆளே இல்லை. போல்ட்டைவிட நட்டைச் சற்று மென்மையாகச் செய்வது வேண்டுமென்றேதான். தேய்வது நட்டாக இருக்கட்டும், மாற்றுவது சுலபம்.

எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு நட்டே சாட்சி சொல்லும். ஆறு மூலையும் மழுங்கி பானா வழுக்கினால் மாற்றுங்கள். மழுங்குவதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது: லாரி நட்டுகள் 32 மில்லிமீட்டரிலும் வருகின்றன, 33-லும் வருகின்றன. சிறிய நட்டுக்குப் பெரிய பானா போட்டால் ‘கொஞ்சம் லூஸ்’ என்று தோன்றும், வேலையும் நடக்கும், மூலையும் போகும். வாஷர் சேர்ந்த நட்டில் வாஷர் தனியாகச் சுற்றாமல் இறுகிப்போயிருந்தால் மாற்றுங்கள். நட்டின் அடியிலிருந்து சக்கரத்தின்மேல் கோடு கோடாகத் துரு வழிந்திருந்தால்? அதுதான் ஆபத்து விளக்கு! தளர்ந்த நட்டுக்கு அடியில் தகடு அசைந்து அசைந்து உதிர்ந்த இரும்புத் தூள்தான் அப்படி வெளியே ஒழுகுகிறது. அங்கே வெறும் நட்டை மாற்றினால் போதாது. சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டு ஓட்டைகள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கின்றனவா, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போல்ட்டு ஒன்று ஒடிந்தால் எத்தனை மாற்ற வேண்டும்? ஒன்று என்று சொன்னால் தப்பு. மூன்று! ஒடிந்ததற்கு இரு பக்கமும் இருக்கும் போல்ட்டுகள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து களைத்திருக்கும்; அவற்றையும் எடுத்துவிட வேண்டும். இரண்டு ஒடிந்திருந்தால் பத்தையும் மாற்றச் சொல்கிறது லாரிப் பராமரிப்பு விதி. “அண்ணே, ஒன்பது நட்டு இருக்கு, ஊர் போய்ப் பாத்துக்கலாம்” என்பது விதியில் இல்லை.

இடது பக்கம் ஏன் சந்தேகம்?

பிரிட்டனில் ஓடும் கனரக வண்டிகளில் ஆண்டுக்கு 150 முதல் 400 சக்கரங்கள் கழன்று போகின்றன என்று அங்கே ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை எந்தப் பக்கம் தெரியுமா? இடது பக்கம், அதுவும் பின்புறம்! அங்கேயும் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம்தான் ஓட்டுகிறார்கள். ஓரத்துக் குழி, நடைபாதை விளிம்பு, சாலையின் சரிவு எல்லாம் இடப்பக்கச் சக்கரத்துக்குத்தான் வாய்க்கின்றன. கூடவே இன்னொரு சங்கதி. இடது பக்கம் நின்று பார்த்தால், முன்னோக்கிப் போகும் வண்டியின் சக்கரம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். சாதாரண மரை கழல்வதும் அதே திசையில்தான்!

பழைய ஆட்கள் இதை அறிந்தே இருந்தார்கள். பிரிட்டிஷ், ஜப்பானிய வழிவந்த பழைய லாரிகள் பலவற்றில் வலப்பக்கத்துக்கு வலது மரை, இடப்பக்கத்துக்கு இடது மரை. போல்ட்டின் நுனியில் ‘ஆர்’, ‘எல்’ என்று எழுத்தே இருக்கும். அமெரிக்காவில் கிரைஸ்லர் கார்களுக்கும் 1970 வாக்கில் வரை இப்படி இருந்தது. உங்கள் வீட்டு சைக்கிளில் இடது பெடல் இன்றைக்கும் இடது மரைதான், கழற்றிப் பாருங்கள். புதிய லாரிகளில் இரண்டு பக்கமும் வலது மரையே வந்துவிட்டது, நட்டுக் கலப்படம் இல்லை, ஆனால் பழைய வண்டியிடம் புது மெக்கானிக் வந்தால் வேடிக்கைதான். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு ஏர் கன்னால் இறுக்கிக்கொண்டே போவார், போல்ட்டு ‘டமார்’ என்று சொல்லும் வரை.

நட்டு ஏன் தானாகக் கழல்கிறது என்பதையே மனிதன் நிலவில் கால் வைத்த 1969-ஆம் வருடம் வரை சரியாக நிரூபித்துக் காட்டவில்லை தெரியுமா? கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் ஓர் இயந்திரம் செய்து போல்ட்டுகளை ஆட்டிப் பார்த்தார். மேலும் கீழும் இழுப்பதைவிட, பக்கவாட்டில் துளி அசைவு இருந்தால் நட்டு தானாகவே சுற்றிக் கழன்றுகொண்டது! இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே அந்தச் சோதனை நடக்கிறது. ஸ்பிரிங் வாஷர் போட்டால் கழலாது என்ற நம் பட்டறை நம்பிக்கைக்கு இந்தச் சோதனையில் மார்க் மிகவும் குறைவு. பக்கவாட்டு அசைவைத் தடுப்பது போதுமான இறுக்கம் ஒன்றுதான்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி: சரியான தூரம்!

சக்கரம் மாட்டியவுடன் வேலை முடிந்துவிடாது. 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி சரியான முறுக்குக்குச் சோதிக்க வேண்டும். துரு, தூசி, பெயின்ட் எல்லாம் அழுத்தத்தில் நசுங்கி உட்கார, அந்த மயிரிழை நீட்சியில் ஒரு பகுதி போயிருக்கும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி எவ்வளவு தூரம்? சுமார் 50 கிலோமீட்டர்! அளந்து வைத்த மாதிரி. லாரி டயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 300 சுற்று சுற்றும். ஓசூரில் மாட்டிய சக்கரம் கிருஷ்ணகிரி டோல்கேட் வரும்போது 15,000 சுற்று முடித்திருக்கும். அங்கிருந்துதான் 44-ஆம் எண் நெடுஞ்சாலை தர்மபுரி, தொப்பூர் என்று தெற்கே இறங்குகிறது. சென்னைச் சாலையும் அங்கேதான் பிரிகிறது. கிரானைட் ஏற்றிய வண்டியோ, மாங்காய் ஏற்றிய வண்டியோ, பானாவைக் கையில் எடுக்க இதைவிடத் தோதான இடம் எது? தொப்பூர் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது தப்பு. இறக்கம் முழுக்கப் பிரேக் பிடித்து டிரம் கொதித்துக் கிடக்கும்; சூட்டில் முறுக்கிய நட்டு ஆறிய பிறகு அதே பிடியோடு இருக்காது.

பெயின்ட் என்றேனே, அது தனிக் கதை. ஆயுத பூஜைக்கு லாரியைப் புதுப்பெண்ணாக்கும்போது சக்கரத்தைக் கழற்றி இரண்டு பக்கமும் வழித்துப் பூசுவது வழக்கம். ஜோடிச் சக்கரத்தில் குறைந்தது மூன்று இடங்களில் உலோகமும் உலோகமும் ஒட்டுகின்றன: ஹப்போடு உள்சக்கரம், உள்சக்கரத்தோடு வெளிச்சக்கரம், அதனோடு நட்டு. ஒவ்வொரு முகத்திலும் ஒரு கோட்டிங் பெயின்ட் இருந்தால், கூட்டிப் பார்க்கும்போது போல்ட்டின் மொத்த நீட்சியைவிடத் தடிமன் அதிகம்! ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கி உதிரும். நட்டு ஒரு துளிகூடச் சுற்றாமலே பிடி காணாமல் போகும். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்ட வண்டியின் சக்கரம் தளர்ந்தால் திருஷ்டி என்பார்கள். நான் பிரஷ்ஷைத்தான் சந்தேகிப்பேன். ஒட்டும் முகங்களைப் பூசாமல் விடுங்கள்; மற்ற இடத்தில் வானவில்லே தீட்டிக்கொள்ளுங்கள்.

சில டேங்கர் லாரிகளின் நட்டுகளில் மஞ்சள் நிறத்தில் சின்ன அம்பு மாதிரி பிளாஸ்டிக் மாட்டியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அலங்காரம் இல்லை! பக்கத்துப் பக்கத்து அம்புகளை ஒன்றையொன்று பார்க்க வைத்து மாட்டுவார்கள். நட்டு லேசாகச் சுற்றினாலும் அம்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டிரைவர் நடந்து போகும்போதே கண்ணில் பட்டுவிடும். ஆனால் மேலே சொன்ன பெயின்ட் வித்தையில் நட்டு சுற்றுவதே இல்லையே, அதை அம்பு காட்டாது.

நம்மவர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், லாரிச் சக்கரங்கள் கழன்று உயிர்கள் போனபின் 1997-ல் ஒரு சட்டம் வந்தது. ஓடும் லாரியிலிருந்து சக்கரம் கழன்றால், ‘நான் கவனமாகத்தான் பார்த்தேன்’ என்ற வாதமே அங்கே எடுபடாது. கழன்றதே குற்றம்! அபராதம் 50,000 டாலர் வரை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரிச் சக்கரம் நொடிக்கு ஐந்து சுற்று சுற்றுகிறது. கழன்றால் நின்றுவிடாது, லாரியையே முந்திக்கொண்டு ஓடும். எதிரே யார் என்று அது பார்ப்பதில்லை.

கோடிகளில் புரளும் கார்ப் பந்தயக்காரர்களாவது நட்டை வென்றார்களா? ஃபார்முலா ஒன் காரில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டுதான். 2023-ல் கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் குழு நாலு சக்கரத்தையும் 1.80 நொடியில் மாற்றிச் சாதனை படைத்தது. ஆனால் 1987 ஹங்கேரி பந்தயத்தில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த நைஜல் மான்செல், முடிய ஆறு சுற்று இருக்கும்போது சக்கர நட்டு கழன்று ஓரங்கட்டினார். 2021 மொனாக்கோவில் இன்னும் மோசம். மெர்சிடிஸ் ஓட்டிய வால்டெரி பொட்டாஸ் டயர் மாற்ற வந்தார். கன் சரியாகக் கவ்வாமல் நட்டின் பற்களைச் சிரைத்துத் தள்ளிவிட்டது. நட்டு கழலவே இல்லை! பந்தயம் போச்சு. காரை இங்கிலாந்திலுள்ள ஆலைக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துத்தான் அந்த ஒற்றைச் சக்கரத்தைக் கழற்றினார்கள்.

நம் ரோட்டோரப் பட்டறையில் மழுங்கிய நட்டுக்கு வைத்தியம் மூன்று. மேலே இன்னொரு நட்டை வெல்டிங் வைத்துப் பிடித்துத் திருப்புவது, உளி வைத்து நட்டின் ஒரு பக்கத்தைப் பிளப்பது, கேஸ் கட்டிங். மூன்றிலும் உளிதான் உத்தமம், மரையில் படாமல் அடிக்கத் தெரிந்தால். வெல்டிங்கோ கேஸோ வைத்தால் நட்டோடு அந்த போல்ட்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். 10.9 போல்ட்டுக்கு அந்த பலம் வருவதே, செக்கச் சிவக்கக் காய்ச்சிக் குளிர்வித்து, பிறகு 425 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பதம் பார்ப்பதால்தான். கேஸ் சுடர் அந்தப் பதத்தைச் சில நிமிடத்தில் கலைத்துவிடும். பொறித்த எண் மட்டும் அப்படியே இருக்கும்.